படுக்கையில் தொடங்கிய உளி

தமிழகச் சிற்பக்கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டிலிருந்து புறப்படுவார்கள். அங்கிருந்து மாமல்லபுரம், காஞ்சி, தஞ்சை, மதுரை என்று பாதை போகும். சிற்பம் என்றால் தெய்வத் திருமேனி, அரசன் உருவம், தூணில் நிற்கும் நடனப்பெண் என்று நம் மனம் பழகிவிட்டதற்கு இந்தப் பாதையும் ஒரு காரணம். உட்காரவும் படுக்கவும் பயன்படும் பொருளை நாம் சாமான் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கட்டிலில் பூவேலை இருந்தால் 'சிற்பம்போல இருக்கிறது' என்று பாராட்டுவோமே தவிர, கட்டிலையே சிற்பம் என்று சொல்ல நா எழாது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கல்லும் மரமும் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அங்கே காலம் ஓரளவு தெரிந்த மிகப் பழைய உளிவேலை ஒரு படுக்கை. உருவங்கள் பல நூற்றாண்டு கழித்தே வந்தன. வந்தபோதும் படுக்கையையும் இருக்கையையும் விட்டு விலகவில்லை. இருக்கை செய்வது இந்த மண்ணில் சிற்பக்கலையின் ஓரத்தில் நடந்த சிறுவேலை அல்ல, அதன் தொடக்கமே அதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சான்று சித்தன்னவாசலில் இருக்கிறது. புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள அந்தக் குன்றுக்கு வருகிறவர்களில் பலர் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே குன்றின் மேலே, பாறையில் வெட்டிய ஏழு படிகளின் வழியாகச் சேரும் இயற்கைக் குகை ஒன்று உண்டு. ஏழடிப்பட்டம் என்பது அதன் பெயர். உள்ளே பாறைத்தரையில் பதினேழு படுக்கைகள் வழவழப்பாகத் தேய்த்து எடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் ஒரு மேடு. அந்தத் தலையணை தனியாகச் செதுக்கிக் கொண்டுவந்து வைத்ததல்ல. தலை வைக்கும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு, உடல் கிடக்கும் பரப்பு முழுவதையும் கீழே இறக்கியிருக்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று உளி பாறையைத் தொடுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டிய வேலை இது. கல்லிலிருந்து வேண்டாததைக் கழித்து வேண்டியதை நிறுத்துவதுதான் சிற்பியின் முறை என்றால், அந்த முறை முழுமையாக இங்கே இருக்கிறது. கருங்கல்லில் ஒரு கொத்து ஆழமாக விழுந்துவிட்டால் அதை ஒட்டி நிரப்ப வழியில்லை. ஒரு மனித உடலின் நீளம், தோளின் அகலம், கழுத்து ஓய்வதற்கு வேண்டிய உயரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, குனிந்தும் மண்டியிட்டும் மட்டுமே வேலை செய்யக்கூடிய குகைக்குள் அதை முடித்திருக்கிறார்கள்.

அந்தப் படுக்கைகளில் பெரியதன் ஓரத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பது கல்வெட்டறிஞர் பெரும்பாலோர் கருத்து. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதிக்குச் சிறுபோசில் இளையர் செய்த இருக்கை என்பது அதன் பொருள். யாருக்காக, யார், எதைச் செய்தார் என்ற மூன்று செய்திகளே அதில் உள்ளன. அரசன் புகழோ தெய்வத் துதியோ இல்லை. எருமி நாடு என்பதை இன்றைய மைசூர்ப் பகுதியாக ஆய்வாளர்கள் கொள்வார்கள். தொலைவான நாட்டில் பிறந்த ஒரு சமணத் துறவிக்கு இந்தப் பக்கத்து ஊரார் படுக்கை செய்து கொடுத்து, அதைச் செய்தவர் பெயரையும் கல்லில் பொறித்தார்கள். பின்னால் எழுந்த எத்தனையோ கோயில்களில் சிலை வடித்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இங்கே படுக்கை செய்தவர் பெயர் கிடைக்கிறது. ஒரு பொருளை அந்தக் காலம் எவ்வளவு மதித்தது என்பதை அளக்க இதைவிட நேரான அளவுகோல் கிடையாது.

இது சித்தன்னவாசலில் மட்டும் நடந்த தனி நிகழ்ச்சியும் அல்ல. மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குகைக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரே வருகிறது. கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், சேர மரபைச் சேர்ந்த இளங்கடுங்கோ இளவரசனானபோது செங்காயபன் என்ற மூத்த துறவிக்காகக் கல் அறுத்துக் கொடுத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. தந்தை பெருங்கடுங்கோ, பாட்டன் செல்லிரும்பொறை என மூன்று தலைமுறை அரசர் பெயர்கள் ஒரு துறவியின் படுக்கையை ஒட்டி எழுதப்பட்டிருக்கின்றன. இளவரசுப் பட்டம் என்ற அரசியல் நிகழ்ச்சியை நினைவில் நிறுத்த, பிற்காலத்தில் ஒரு கோயிலோ சிலையோ எழுப்பியிருப்பார்கள். அன்று அந்த இடத்தில் இருந்தது படுக்கை. அக்காலத்துத் தமிழகத்தில் அரசும் ஊரும் கூடிச் செய்த கலைப்பணி எது என்று கேட்டால், கையைக் காட்டுவதற்கு நமக்கு மிஞ்சியிருப்பவற்றில் முதலிடம் இந்தக் கற்படுக்கைகளுக்குத்தான்.

இதற்கு உடனே எழும் மறுப்பு, தரையைச் சமன் செய்வது சிற்பம் ஆகுமா என்பது. படுக்கையில் உருவம் இல்லை, அழகுவேலை இல்லை. அது கல்தச்சு வேலை மட்டுமே என்று சொல்லலாம். மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அது சிற்பம் என்றால் உருவம் என்ற முடிவை முன்னமே எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. கற்படுக்கையில் உருவம் செதுக்கப்படவில்லை, உண்மை. உருவம் கிடக்கவேண்டிய வடிவம் செதுக்கப்பட்டிருக்கிறது. உடல் இல்லாத நேரத்திலும் அங்கே ஒரு மனிதன் படுத்திருந்தான், தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம் என்று கல் சொல்கிறது. சமனான தரைக்கு அந்தப் பேச்சு கிடையாது. இரண்டாவது மறுப்பு சமண அறத்தின் பக்கத்திலிருந்து வரும். கல்லில் படுப்பது உடலை ஒறுக்கும் நோன்பு. உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் இடமாகவும் குகைகள் இருந்தன. அதைக் கட்டிலோடு சேர்த்துப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். நோன்பு என்பது சரி. ஆனால் வெறும் பாறையிலேயே படுத்திருந்தால் நோன்பு இன்னும் கடுமையாக இருந்திருக்கும். தேய்த்து வழவழப்பாக்கியதும் தலைமாடு வைத்ததும், நோன்பிருப்பவர்மேல் ஊரார் கொண்ட பரிவு. துறந்தவருக்கு உடைமை கூடாது. தூக்கிச் செல்லக்கூடிய கட்டில் உடைமையாகிவிடும். பாறையோடு ஒட்டிய கட்டில் எவருக்கும் சொந்தமாகாது. அறநெறி தடுத்த இடத்தில் உளி வழி கண்டிருக்கிறது. ஏழடிப்பட்டத்தின் மற்ற சில படுக்கைகளில் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிந்திய எழுத்தில் துறவியர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதால், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு இந்தக் குகை புழக்கத்தில் இருந்தது தெரிகிறது. ஆயிரம் ஆண்டு ஆட்கள் மாறிமாறிப் பயன்படுத்திய சாமான் இந்த நாட்டில் வேறு எத்தனை இருக்கும்?

நடுகல்லை மறந்துவிட்டாயே என்று மூன்றாவதாக ஒரு மறுப்பு எழலாம். படுக்கைக்கு முன்பே வீரனுக்குக் கல் நட்ட மரபு தமிழருக்கு உண்டு. உண்மைதான், புதுக்கோட்டை நகரை ஒட்டிய பொற்பனைக்கோட்டையிலேயே தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகல் கிடைத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்தவை அதைவிடப் பழையவை. ஆனால் இந்தத் தொடக்ககால நடுகற்களில் எழுத்து மட்டுமே உண்டு, வீரனின் உருவம் இல்லை. உருவம் செதுக்கிய நடுகற்கள் பின்னால் வந்தவை. ஆகவே நடுகல் இந்த வாதத்தை உடைக்கவில்லை. கல்லில் பெயரைப் பொறித்தார்கள், உடலுக்கு இடத்தைக் குடைந்தார்கள். உருவத்துக்கு மட்டும் அவசரப்படவில்லை. மரத்திலும் சுதையிலும் உருவங்கள் இருந்து அழிந்திருக்கலாமே என்றால், இருந்திருக்கலாம். அப்படியானால் மரக்கட்டில்களும் இருந்து அழிந்திருக்கும். அழிந்தவை இரு பக்கமும் சமம்; நின்றவற்றை வைத்துத்தான் பேசமுடியும்.

உருவம் கல்லுக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதைத் திருமயம் காட்டுகிறது. ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையே குடையப்பட்ட அந்தக் குடைவரையில் பாம்பணைமேல் பள்ளிகொண்ட பெருமாள், நாட்டின் மிகப் பெரிய அனந்தசயன உருவங்களில் ஒன்று. ஏழடிப்பட்டத்தில் படுக்கை மட்டும் பாறை. படுத்தவர் எழுந்து போய்விடுவார். திருமயத்தில் படுக்கையும் படுத்திருப்பவரும் ஒரே பாறை. மது, கைடபர் என்ற அசுரர்கள் நெருங்கிவர, ஆதிசேடன் நஞ்சின் நெருப்பை உமிழ்ந்து விரட்டும் காட்சி அது. துயில்பவர் அசையவில்லை, அவரைக் காப்பது படுக்கை. ஒரு கட்டிலைக் கதைக்குள் கொண்டுவந்து அதற்கு உயிரும் கடமையும் கொடுத்த சிற்பி, படுக்கையை வெறும் தாங்குபலகையாக நினைத்திருக்க முடியாது. குளத்தூர் வட்டத்து மலையடிப்பட்டியிலும் இதே காட்சி குடைவரையில் உண்டு. அங்கே பெருமாளுக்குக் கண்நிறைந்த பெருமாள் என்று பெயர். சித்தன்னவாசலிலேயே, கற்படுக்கைகளுக்குப் பல நூற்றாண்டு கழித்துக் குடையப்பட்ட அறிவர் கோயிலில், தீர்த்தங்கரர்கள் குடையின் கீழ் அமர்ந்திருக்கிறார்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்தார். கருவறையின் மேல்தளத்தில் விரிப்புத்துணி கட்டியதுபோல் கோலம் தீட்டப்பட்டுள்ளது. இருக்கை, குடை, விதானம் என்று ஓர் அறைக்கு வேண்டியவை எல்லாம் கல்லிலும் வண்ணத்திலும் வந்துவிட்டன. துறவிக்குச் செய்த உபசாரத்தை அடுத்த தலைமுறைகள் அவர்கள் வழிபட்டவருக்கும் செய்தன.

சிற்ப நூல்களும் இதையே சொல்கின்றன. தென்னாட்டு ஸ்தபதிகள் கைக்கொண்ட மயமதம், வாஸ்து என்பதை நான்காகப் பிரிக்கிறது: நிலம், கட்டடம், ஊர்தி, படுக்கையும் இருக்கையும். நாலில் ஒரு பங்கு சாமானுக்கு! கோபுரம் எழுப்பக் கணக்குச் சொல்லும் அதே நூல், கட்டிலுக்கும் ஆசனத்துக்கும் தனி அத்தியாயம் வைத்து அளவு சொல்கிறது. குடுமியான்மலை அகிலாண்டேசுவரி சந்நிதி முன்மண்டபத்தில் ஆறுகால் பீடம் என்றொரு கல்லிருக்கை உண்டு. பல்லவராயர்களும் அவர்களுக்குப் பின் தொண்டைமான்களும் முடிசூட்டு விழாவை அங்கே நடத்தினார்கள் என்பது புதுக்கோட்டை மரபு. அரசுரிமை ஒரு கல்லாசனத்தின் வழியாகவே கை மாறியது. அதே கோயிலின் மண்டபத் தூண்களை எல்லோரும் சிற்பமாகப் பார்க்கிறார்கள்; கால் முளைத்த இந்த ஆசனத்தை எத்தனைபேர் அப்படிப் பார்க்கிறார்கள்?

மரத்துக்கு வந்தால் வாதம் இன்னும் எளிதாகிறது. கோயில் வாகனம் என்பது முழுச் சிற்பம்; அதேசமயம் முழு இருக்கை. குதிரையோ யானையோ ரிஷபமோ, முகத்திலும் கழுத்திலும் மணிவேலை செய்த சிற்பி, முதுகில் உற்சவர் நிற்கப் பீடமும், அடியில் தண்டு கட்ட இடமும் வைத்தாக வேண்டும். தூக்குபவர்களின் தோள்கள் ஆடும்போது திருமேனி சாயாமல் இருக்க, எடை நடுவில் விழவேண்டும். குதிரை முன்காலைத் தூக்கிப் பாயும் அழகும் இந்தக் கணக்குக்குள்தான் அடங்கவேண்டும். அழகு ஒருபக்கம், பயன் ஒருபக்கம் என்று வாகனத்தைப் பிளந்துபார்க்க முடியாது. தேரும் அப்படித்தான். நார்த்தாமலையிலும் திருவப்பூரிலும் மாரியம்மன் தேர் ஓடும்போது, இலுப்பையிலும் தேக்கிலும் செய்யும் தேரின் கீழடுக்குகளில் உள்ள கதைச் சிற்பங்கள் எல்லாமே, மேலே அம்மன் அமரும் ஒரே ஓர் இருக்கையைச் சுமக்கின்றன. விராலிமலையில் ஆறுமுகன் அமர்ந்திருப்பதும் மயில்மேல்தான். மூலவரிடத்திலேயே ஊர்தியும் ஆசனமும் ஒன்று.

இந்த மரபு எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு ஆவுடையார்கோயில் விடை. திருப்பெருந்துறை என்ற பழம்பெயர் கொண்ட அந்த ஊர், மாணிக்கவாசகர் வரலாற்றோடு பிணைந்தது. அங்கே கொடுங்கை என்ற வளைந்த கல்கூரை விளிம்பைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. மரச்சட்டமும் குறுக்குக் கம்பியும் ஆணியும் வைத்துக் கட்டிய கூரைபோலவே கருங்கல்லை மெலிதாக்கி வளைத்திருக்கிறார்கள். ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக எதையும் செய்துதருகிறோம் என்று ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்ததாக ஒரு வழக்கு உண்டு. கல்தச்சனுக்கும் மரத்தச்சனுக்கும் இடையே சுவர் இருந்திருந்தால் இந்த வேலை பிறந்திருக்காது. ஆனால் என் வாதத்துக்குக் கொடுங்கையைவிடக் கருவறையே முக்கியம். ஆத்மநாதர் சந்நிதியில் இலிங்கம் கிடையாது. இலிங்கம் அமரும் பீடமான ஆவுடையார் மட்டுமே உண்டு. யோகாம்பிகை சந்நிதியிலும் உருவத்துக்குப் பதில் பாதங்களே. இருக்கை இருக்கிறது, அமர்ந்தவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வழிபாடு அந்த இருக்கைக்கு. சந்நிதி முன்னே படைகல் என்ற கல்மேடையில் புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கக் கொட்டிப் பரப்புவார்கள். அந்த ஆவியே நிவேதனம். கல்லில் ஓர் ஆசனம், கல்லில் ஓர் உணவுமேடை, வேறொன்றும் இல்லாமல் ஒரு பெருங்கோயிலின் வழிபாடு நடக்கிறது. அருவ வழிபாட்டின் தத்துவத்தைக் கொண்டுபோய்ச் சாமானில் இறக்குகிறாயே என்று சைவர்கள் வருத்தப்படலாம். தத்துவத்தை இது சிறுமைப்படுத்துவதில்லை. உருவமற்ற ஒன்றைக் கல்லில் எப்படிக் காட்டுவது என்ற கடினமான கேள்விக்கு, அதற்கு இடம் போட்டுக் காட்டு என்று விடை சொன்ன மண் இது. அந்த விடை ஏழடிப்பட்டத்திலேயே ஒத்திகை பார்க்கப்பட்டது.

கோயிலுக்கும் துறவிக்கும் பொருந்துவது வீட்டுக்கும் தெருவுக்கும் பொருந்துமா என்பது கடைசி மறுப்பு. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். இரண்டு நிறுத்துக்கல், மேலே ஒரு குறுக்குக்கல். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கை கொடுக்காமலே சுமையை இறக்கவும், திரும்ப ஏற்றவும் ஏற்ற உயரம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள். அவள் இறக்கிவைக்காத சுமையை வழிப்போக்கர் இறக்கிவைத்தால் அவளுக்கு ஆறுதல் என்று நம்பினார்கள். நினைவுச்சின்னமும் அதுவே, பயன்படு பொருளும் அதுவே. புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வரும் நகரத்தார் ஊர்களான ராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி வீடுகளிலும் இதே எண்ணம் மரத்தில் தொடர்ந்தது. பர்மாத் தேக்கில் செய்த நிலைவாசலின் மேற்கட்டையில் கஜலட்சுமி, பக்கவாட்டில் கொடியும் கிளியும். அது கதவைத் தாங்கும் சட்டம், விளக்கேற்றி மஞ்சள் குங்குமம் இடும் சந்நிதி, சிற்பப்பலகை. அந்த வீடுகளில் ஐரோப்பியக் கண்ணாடியும் இத்தாலியத் தரைக்கல்லும் கூடத்தான் இருந்தன, அது செல்வக் காட்சிதானே என்று சொல்லலாம். செல்வம் வெளியிலிருந்து வந்தது. அந்தச் செல்வம் வாசற்காலில் யாரைச் செதுக்கச் சொன்னது என்பது உள்ளூர் மரபு.

அப்படியானால் பிரிவினை எப்போது வந்தது? நுண்கலை, கைத்தொழில் என்று இரண்டு அலமாரிகளோடு வந்தது காலனியாட்சியின் கல்வி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியின் பாடத்திட்டத்திலேயே கலை ஒருபக்கமும் தொழில் ஒருபக்கமும் என்று பிரிந்தன. அருங்காட்சியகம் என்ற அமைப்பும் பொருளைப் புழக்கத்திலிருந்து எடுத்துக் கண்ணுக்கு மட்டும் வைக்கும். 1910இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அருங்காட்சியகம் இல்லாவிட்டால் எத்தனையோ திருமேனிகளும் மரவேலைகளும் நம் கையைவிட்டுப் போயிருக்கும்; அந்த நன்றி நமக்கு இருக்கவேண்டும். ஆனாலும் பார்ப்பதுதான் கலை என்ற பழக்கம் அங்கே வலுப்பட்டது. அந்தப் பழக்கத்தின் கொடிய பக்கம் பழம்பொருள் சந்தையில் தெரிகிறது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அங்கே தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் பலவற்றின் செல்வம் முறிந்தது; வீடுகள் பிரிக்கப்பட்டன; நிலைவாசல்களும் தூண்களும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்தன. நிலையின் மேற்கட்டையை அறுத்துக் கண்ணாடி பதித்தால் நகரத்து வரவேற்பறை மேசை. தேர்ப்பலகைக்கும் இதே கதி. சிற்பம் மீண்டும் சாமானாகிறதே, உன் வாதம் இதைப் போற்றவல்லவா வேண்டும் என்று கேட்கலாம். இல்லை. சித்தன்னவாசலில் படுக்கைக்காகவே கல் வெட்டப்பட்டது. தேரில் இருக்கைக்காகவே பலகை செதுக்கப்பட்டது. உருவமும் பயனும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. ஒரு வேலைக்காகப் பிறந்த பலகையை அதிலிருந்து பெயர்த்து, வேறொன்றுக்கு ஒட்டுப்போடுவது ஒன்றிணைப்பு ஆகாது; அது இரண்டாவது முறையாகப் பிரிப்பது.

இதிலிருந்து செய்யவேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. புதுக்கோட்டையின் சிற்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏழடிப்பட்டத்தைக் கல்வெட்டு அத்தியாயத்தில் மட்டும் வைக்காமல், சிறுபோசில் இளையரைப் பெயர் தெரிந்த முதல் சிற்பிகளில் ஒருவராகச் சிற்ப அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் வைக்கவேண்டும். ஆறுகால் பீடம், படைகல், வாகனம், தேர்த்தட்டு, சுமைதாங்கி, நிலைவாசல் ஆகியவற்றைப் பதிவு செய்யும்போது உருவ அளவோடு பயன்படுத்தும் முறையையும் எழுதிவைக்கவேண்டும். எந்த உயரத்தில் யார் தோள் வரும், எங்கே தண்டு ஏறும், எந்த மூட்டு எடையைத் தாங்கும் என்பது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் ஆசாரிகளுக்கும் ஸ்தபதிகளுக்கும் தெரியும். பழுதான வாகனத்தையும் தேரையும் ஏலத்துக்கு விடும் முன் அவர்களைக் கொண்டு சீர்செய்து ஓடவிடுவதே சரியான பாதுகாப்பு, ஏனென்றால் சுமக்காத தேரில் பாதிச் சிற்பம்தான் மிஞ்சும். மனித உடலுக்கு இடம் செய்வதைக் கலையின் முதல் கடமையாகக் கொண்ட ஒரு மரபு நம்மிடம் இருந்திருக்கிறது. அதைச் சாமான் என்று ஒதுக்கினால், நம் சிற்பக்கலை ஏன் பிறந்தது என்பதையே நாம் தவறவிட்டவர்களாவோம்.